டேங்க் என்னும் சொல்லும் மதுரையின் நீர்நிலைப் பெயர்களும்

டேங்க் என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் ஒரு பெயர்ச்சொல். நீர், எண்ணெய் போன்ற நீர்மங்களைத் தேக்கி வைக்கும் கலம், போரில் பயன்படும் கவச ஊர்தி, இந்தியாவிலும் இலங்கையிலும் கரை கட்டித் தேக்கப்பட்ட நீர்நிலை ஆகியன இதன் முக்கியப் பொருள்கள். மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் கண்மாய், ஊருணி, குளம், தெப்பக்குளம், ஏந்தல் எனத் தனித்தனிப் பெயர் பெற்ற நீர்நிலைகள் பலவும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதல் ஆங்கில ஆவணங்களில் இந்த ஒரே சொல்லால் குறிக்கப்பட்டு வருகின்றன. தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை அந்த நீர் யாருக்கு உரியது, எதற்குப் பயன்படுவது என்பதையும் சேர்த்தே சொல்பவை. டேங்க் என்ற சொல்லோ நீர் தேங்கும் இடம் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. பழைய ஆவணங்களைப் படிக்கவும், ஒரு நீர்நிலையின் பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என அறியவும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் பொருள்கள்

இன்றைய ஆங்கிலத்தில் டேங்க் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கலமே. வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, மோட்டார் வாகனத்தின் எரிபொருள் தொட்டி, கண்ணாடி மீன்தொட்டி ஆகிய எல்லாம் இதில் அடங்கும். அறிஞர்கள் கூடி ஆராயும் அமைப்பைக் குறிக்கும் சிந்தனைக் குழாம் என்ற தமிழ்த் தொடருக்கு நேரான ஆங்கிலத் தொடரிலும் இச்சொல் இடம்பெறுகிறது.

போர் ஊர்திக்கு இப்பெயர் வந்தது முதல் உலகப் போரின்போது. பிரிட்டன் இரகசியமாக உருவாக்கிய கவச ஊர்தியின் உண்மைப் பயன் வெளியே தெரியாமல் இருக்க, அது தண்ணீர் கொண்டு செல்லும் கலம் என்று எண்ணும்படி 1915ஆம் ஆண்டின் இறுதியில் இப்பெயர் இடப்பட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சொம் போர்க்களத்தில் இவ்வூர்தி முதன்முறையாகப் போரில் இறங்கியது. இரகசியத்திற்காக வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

நீர்நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள்ளன. இயற்கையான பெரிய நீர்ப்பரப்புக்கு லேக், சிறியதற்குப் பாண்ட், ஆழமாகத் தேங்கிய சிறு நீர்நிலைக்குப் பூல், அணை கட்டித் தேக்கியதற்கு ரிசர்வாயர், நிலத்தடித் தொட்டிக்கு சிஸ்டர்ன் என்பன வழக்கு. தென்னிந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் கண்ட பாசன நீர்நிலை இவற்றில் எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. அது மனிதர் அமைத்தது. ஆனால் மழைக்காலத்தில் ஏரிபோலப் பரந்து கிடப்பது. கோடையில் வற்றி மேய்ச்சல் நிலமாவது. மீண்டும் மழை பெய்தால் நிறைவது. இங்கிலாந்தில் இதற்கு இணையான ஒன்று இல்லாததால், இந்தியாவில் ஏற்கெனவே ஐரோப்பியரிடையே புழங்கிய ஒரு சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

சொல்லின் பிறப்பு

டேங்க் என்ற சொல்லின் மூலம் குறித்து இரு கருத்துகள் உண்டு. குளத்தைக் குறிக்கும் தாங்க்கெ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. அது தேங்கிய நீரைக் குறிக்கும் ஸ்டாக்னம் என்ற இலத்தீன் சொல்லோடு உறவுடையதாகக் காட்டப்படுகிறது. குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் டாங்க்கு, டாங்க்கே போன்ற சொற்களே மூலம் என்பது மற்றொன்று. இரண்டும் கலந்தே ஆங்கிலத்தில் நிலைபெற்றிருக்கலாம் என்று கொள்வாரும் உள்ளனர்.

இந்திய ஆங்கிலச் சொற்களுக்காக ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னெல் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியில் இருந்தவர். தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். இவ்வகராதியில் டேங்க் என்ற சொல்லுக்குத் தனிப் பதிவு உண்டு. மேற்கண்ட இரு கருத்துகளும் அதில் ஆராயப்பட்டுள்ளன.

வட தமிழகத்தில் சிறிய ஏரியைக் குறிக்கும் தாங்கல் என்ற சொல்லோடு டேங்க் ஒலி அளவில் ஒத்திருக்கிறது. தாங்கல் என்பது தாங்கு என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்தது. ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றது என முடிவு செய்ய இயலாது.

மதுரைச் சமவெளியின் நீர்நிலைப் பெயர்கள்

கண்மாய்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் பாசன நீர்நிலையின் பொதுப்பெயர் கண்மாய். பேச்சு வழக்கில் கம்மாய். கண்வாய் என்பதன் திரிபே இது எனக் கருதப்படுகிறது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் மழைநீரையோ ஆற்றுக் கால்வாய் நீரையோ தேக்குவது கண்மாய். நீர் வந்து சேரும் வழி வரத்துக்கால். வயலுக்கு நீர் விடும் வாயில் மடை. நிறைந்தபின் மிகுதி நீர் வெளியேறும் கல் கட்டுமானம் கலுங்கு. கலிங்கு என்றும் எழுதுவர். கண்மாயால் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு.

ஒரு கண்மாய் தனித்து நிற்பதில்லை. கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகிறது. கண்மாய் நிறைந்து வழிவதை மறுகால் பாய்கிறது என்பர். மேலுள்ள கண்மாயின் கலுங்கு உயர்த்தப்பட்டால் கீழுள்ள ஊரின் வயல் காயும். மேலுள்ள கண்மாய் உடைந்தால் கீழுள்ள கண்மாயும் உடையும். எனவே கண்மாய் என்ற சொல்லுக்குள் ஒரு ஊரின் நீர் மட்டுமின்றி அண்டை ஊர்களோடு உள்ள உறவும் அடங்கியிருக்கிறது.

மடையைத் திறந்து அடைத்து, வயல்களுக்கு முறை வைத்து நீர் பாய்ச்சுபவர் நீர்பாய்ச்சி. அவருக்கு அறுவடையில் நெல் பங்கு உண்டு. கோடையில் கண்மாயின் வண்டல் வயலுக்கு எருவாகும். களிமண் குயவர் தொழிலுக்கு உதவும். நீர் வற்றும் பருவத்தில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும் வழக்கம் இன்றும் மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் காணப்படுகிறது.

ஊருணி

ஊரார் உண்ணும் நீரைக் கொண்டது ஊருணி. ஊரணி என்பது பேச்சு வழக்கு. இது குடிநீருக்கே உரியது. பாசனத்துக்கு நீர் எடுப்பதில்லை ஆகையால் கண்மாய்க்குள்ளது போன்ற மடை இதற்கு இல்லை. ஊருணியில் குளிப்பதும் துணி துவைப்பதும் மாடு இறக்குவதும் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. கலங்கிய ஊருணி நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைப்பது பழைய முறை. திருக்குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், உலகத்தார்க்கு உதவும் அறிவுடையவரின் செல்வத்துக்கு உவமையாக வருவது நீர் நிறைந்த ஊருணியே. வள்ளுவர் பாசன நீர்நிலையைச் சொல்லாமல் ஊருணியைச் சொன்னதில் பொருள் உண்டு. வயல் உள்ளவருக்கு மட்டும் பயன்படுவது ஆயக்கட்டு நீர். நிலமற்றவருக்கும் பயன்படுவது ஊருணி நீர்.

எனினும் நடைமுறையில் இந்நீர் எல்லோருக்கும் ஒரேபோலக் கிடைத்ததில்லை. சாதியின் பெயரால் ஒரு பகுதியினர் பொது ஊருணியில் நீர் எடுக்கத் தடுக்கப்பட்டதும், அவர்களுக்கு வேறு நீர்நிலை ஒதுக்கப்பட்டதும் தமிழகச் சமூக வரலாற்றின் பகுதியே. பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றில் நீர் எடுப்பதைத் தடுப்பதற்கு எதிராகச் சட்டங்கள் வந்தது இதனால்தான்.

குளமும் தெப்பக்குளமும்

மதுரை வட்டாரப் பேச்சில் குளம் என்பது பெரும்பாலும் குளிப்பதற்கோ கோயிலுக்கோ உரிய நீர்நிலை. நான்கு பக்கமும் கல் படிகள் கட்டி, தெப்பத் திருவிழா நடப்பது தெப்பக்குளம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் உள்ளது பொற்றாமரைக் குளம். சங்கப் புலவர்களோடு தொடர்புடைய கதைகளால் இக்குளம் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

ஏந்தல், குட்டை

சிறிய பாசன நீர்நிலை ஏந்தல். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்கள் மிகுதி. கால்நடைகள் நீர் அருந்தும் சிறு பள்ளம் குட்டை. நிலத்தடி நீரைப் பெருக்க அண்மைக் காலத்தில் வெட்டப்படுவது கசிவுநீர்க் குட்டை.

வட்டாரந்தோறும் மாறும் சொற்கள்

மதுரைச் சொற்களைத் தமிழகம் முழுமைக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. செம்பரம்பாக்கம், மதுராந்தகம், வீராணம் போன்ற வட தமிழகப் பாசன நீர்நிலைகள் ஏரி எனப்படுகின்றன. சோழர் காலத்தில் ஊராட்சியின் ஒரு குழு ஏரி வாரியம் எனப் பெயர் பெற்றதை, முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு காட்டுகிறது. பழவந்தாங்கல், ஐயப்பந்தாங்கல் ஆகிய சென்னைப் பகுதிகளின் பெயரில் தாங்கல் எஞ்சியுள்ளது. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பாசன நீர்நிலையே குளம்.

இலங்கையின் வன்னிப் பகுதியிலும் பாசன நீர்நிலை குளமே. வவுனிக்குளம், இரணைமடுக் குளம் ஆகியன எடுத்துக்காட்டு. இரணைமடு என்ற பெயரில் ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் மடு என்ற சொல்லும் அடங்கியிருக்கிறது. மட்டக்களப்பில் வாவி என்பது கடலோடு தொடர்புள்ள உப்பங்கழியைக் குறிக்கிறது. தமிழ் இலக்கியத்தில் அதே சொல் நன்னீர்க் குளத்தைக் குறிக்கும். ஆகவே ஒரு நீர்நிலைச் சொல்லின் பொருளை உறுதி செய்ய, அது எந்த வட்டாரத்தில் வழங்கியது என்பதையும் அறிய வேண்டும்.

நிகண்டுகளில் நீர்நிலைகள்

பொய்கை, கயம், இலஞ்சி, வாவி, தடாகம் முதலிய சொற்கள் இலக்கியத்தில் பரவலாக வருகின்றன. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் இவ்வகைப் பெயர்களை ஒரு பொருள் குறித்த பல சொற்களாகத் தொகுத்துத் தருகின்றன. செய்யுள் இயற்றுவோருக்கு எதுகை, மோனைக்கு ஏற்ற சொல் கிடைக்க வேண்டும் என்பதே நிகண்டுகளின் முதன்மை நோக்கம். எனவே நீர்நிலைகளுக்கிடையே உள்ள பயன்பாட்டு வேறுபாட்டை அவை விரித்துரைப்பதில்லை.

வேறுபட்ட நீர்நிலைகளை ஒன்றாகச் சேர்த்தது ஆங்கிலம் மட்டுமே என்று கூறிவிட முடியாது என்பது இதனால் தெரிகிறது. தமிழ்ப் புலமை மரபும் தன் நோக்கத்திற்காக அவற்றை ஒரே பட்டியலில் வைத்தது. ஆனால் நிகண்டின் அடிப்படையில் எவரும் வரி விதிக்கவில்லை, நிலத்தை அளக்கவுமில்லை. ஆங்கிலச் சொல் இடம்பெற்றது ஆட்சிப் பதிவேடுகளில். வேறுபாடு அங்கேதான்.

இரண்டு வண்டியூர் டேங்குகள்

ஒரே சொல் எவ்வாறு குழப்பம் தரும் என்பதற்கு மதுரையிலேயே தெளிவான சான்று உள்ளது. ஆங்கிலத்தில் வண்டியூர் டேங்க் என்று எழுதப்படும் நீர்நிலைகள் இரண்டு. அவை வைகையின் இரு கரைகளிலும் எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ளன.

முதலாவது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இது வைகையின் தென்கரைப் பகுதியில் உள்ளது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1645இல் இதனை அமைத்தார். நாற்புறமும் கல் படிகளும், நடுவில் மைய மண்டபமும் கொண்டது. மகால் கட்டுவதற்கான செங்கல்லுக்கு மண் எடுத்த இடமே இக்குளம் ஆயிற்று என்றும், அப்போது கிடைத்ததே மீனாட்சியம்மன் கோயிலில் உள்ள முக்குறுணி விநாயகர் சிலை என்றும் மரபுக்கதை கூறுகிறது. தைப்பூசத்தையொட்டி இங்கே தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. நீர் இல்லாத ஆண்டுகளில் தெப்பம் மிதக்க வழியின்றி நிலையாக நின்றே விழா நடந்தது. பனையூர் கால்வாய் சீரமைக்கப்பட்டு வைகை நீர் வந்தபின், அண்மை ஆண்டுகளில் தெப்பம் மீண்டும் நீரில் வலம் வருகிறது.

இரண்டாவது வண்டியூர்க் கண்மாய். இது வடகரையில், அண்ணா நகர், மேலமடைப் பகுதிகளை ஒட்டி உள்ளது. மேலமடை என்ற பெயரிலேயே மடை என்ற சொல் நிற்கிறது. வடக்கே உள்ள கண்மாய்கள் மறுகால் பாய்ந்து வரும் நீரைப் பெற்று, மிகுதியை வைகைக்கு அனுப்பும் தொடரில் இது ஒரு கண்ணி. நகரம் வளர்ந்ததால் இதன் பாசன நிலங்களில் பெரும்பகுதி குடியிருப்பாகிவிட்டது. நிலத்தடி நீரைக் காப்பதும் மழை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்வதும் இப்போது இதன் பயன்கள்.

ஒன்று கோயிலைச் சேர்ந்தது. மற்றொன்று பாசனத்துக்காக அமைந்தது. ஒன்றின் நீர் விழாவுக்காகத் தேக்கப்படுவது. மற்றொன்றின் நீர் வெளியே விடுவதற்காகவே தேக்கப்பட்டது. ஆங்கிலச் செய்தி ஒன்றில் வண்டியூர் டேங்க் நிறைந்தது என்று மட்டும் இருந்தால், எந்தக் கரையில் எந்த நீர்நிலை நிறைந்தது என்று வெளியூர்க்காரரால் அறிய இயலாது. தமிழில் தெப்பக்குளம், கண்மாய் என்ற சொற்களே அதைத் தெளிவாக்கிவிடுகின்றன.

மலையில் லேக், சமவெளியில் டேங்க்

ஆங்கிலேயர் எதை டேங்க் என்றும் எதை லேக் என்றும் அழைத்தனர் என்பதைக் காண அன்றைய மதுரை மாவட்டத்திலேயே மற்றொரு சான்று கிடைக்கிறது. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அங்கு ஓடைகளை மறித்துக் கரை கட்டி ஒரு நீர்நிலையை உருவாக்கினார். படகு விடுவதற்கான அந்த நீர்நிலைக்குக் கொடைக்கானல் லேக் என்று பெயர் வழங்கியது. அதன் பரப்பு சுமார் 60 ஏக்கர்.

கரை கட்டித் தேக்கிய முறையில் பார்த்தால் கொடைக்கானல் நீர்நிலைக்கும் சமவெளிக் கண்மாய்க்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. அதைவிடப் பல மடங்கு பரப்புள்ள வண்டியூர்க் கண்மாய் டேங்க் எனப்பட்டது; கொடைக்கானல் நீர்நிலை லேக் எனப்பட்டது. அளவோ அமைப்போ பெயரைத் தீர்மானிக்கவில்லை. உல்லாசத்துக்கும் இயற்கை அழகுக்கும் உரியது லேக். உழவுக்கும் வரி வருவாய்க்கும் உரியது டேங்க் என்ற பார்வையே பெயராயிற்று.

இப்போக்கு இன்று தலைகீழாக மாறியிருக்கிறது. நகரவாசிகளிடையே சுற்றுச்சூழல் உணர்வு வளர்ந்ததையொட்டி, முன்பு டேங்க் எனப்பட்டவை லேக் எனப்படுகின்றன. மதுரை மாவட்டம் மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே 72 லேக்குகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் உள்ளதாக ஆங்கிலக் குறிப்புகள் கூறின. அவற்றைத் தமிழாக்கியவர்கள் 72 ஏரிகள் என எழுதினர். அவ்வூர் வட்டாரத்தில் வழங்கும் பெயரோ கண்மாய்.

ஆட்சி ஆவணங்களும் சட்டமும்

மதுரை மாவட்டத்தைப் பற்றி ஜே. எச். நெல்சன் எழுதிய கையேடு 1868இலும், டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் 1906இலும் வெளிவந்தன. ஆட்சி அலுவலர்களுக்காக எழுதப்பட்ட இத்தகைய நூல்களில் பாசன நீர்நிலைக்கு வழங்கும் சொல் டேங்க். வருவாய்த்துறைப் பதிவுகளில் டேங்க் புறம்போக்கு என்ற ஆங்கிலத் தமிழ்க் கலப்புத் தொடர் உருவாயிற்று. ஊர்க் கணக்குகளில் கண்மாய்ப் புறம்போக்கு, ஊருணிப் புறம்போக்கு எனத் தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து எழுதப்பட்டு வந்தது பெரும் நன்மை. ஒரு நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதற்கு இன்று அவையே சான்றாக நிற்கின்றன.

ஒரே சொல் போதாது என்பதை ஆங்கில ஆட்சியும் உணர்ந்தது. அதனால் அடைமொழிகள் சேர்க்கப்பட்டன. இர்ரிகேஷன் டேங்க், டெம்பிள் டேங்க், ட்ரிங்கிங் வாட்டர் டேங்க் எனப் பிரித்தெழுதும் வழக்கம் வந்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் மதுரைச் சமவெளிக்கு வரத் தொடங்கியபின், கால்வாய் நீர் பெறுபவை சிஸ்டம் டேங்க் என்றும், மழையை மட்டும் நம்பியவை நான் சிஸ்டம் டேங்க் என்றும் வகுக்கப்பட்டன. தமிழில் ஒரு சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் செய்ய வேண்டியதாயிற்று. அடைமொழி விடுபடும் இடங்களில் பழைய குழப்பம் திரும்பிவிடுகிறது.

பராமரிப்புத் துறையிலும் ஒரு சொல்மாற்றம் நிகழ்ந்தது. ஊரார் கூடிக் கரையைச் செப்பனிட்டு, வரத்துக்காலைத் தூர்வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். குடி தமிழ்ச் சொல். மராமத்து அரபு மூலத்திலிருந்து வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்தைச் சட்டக் கடமையாக்கியது. ஊரார் தமக்காகச் செய்த வேலை, செய்யாவிட்டால் தண்டனைக்குரியதாக மாறியது. பிற்காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது. தமிழக அரசு 2017இல் அதே பெயரில் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

தமிழகத்தில் சுமார் 39 ஆயிரம் பாசன நீர்நிலைகள் உள்ளதாக அரசுக் கணக்கு கூறுகிறது. இவற்றில் 40 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தது நெடுநாள் ஏற்பாடு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கான 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலும் டேங்க் என்ற சொல் உள்ளது. ஆனால் அச்சட்டம் பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள டேங்குகளுக்கு உரியது. தலைப்பை மட்டும் படிப்பவர் எல்லா நீர்நிலைகளும் அதில் அடங்கும் என எண்ணக்கூடும். ஊராட்சியின் பொறுப்பில் உள்ள ஊருணிக்கும் கோயிலுக்கு உரிய குளத்துக்கும் வேறு சட்டங்களையும் வேறு அலுவலகங்களையும் நாட வேண்டியுள்ளது. எனவே மனு எழுதுபவர் தம் ஊர் நீர்நிலையின் பெயர், வகை, பொறுப்புத்துறை ஆகியவற்றைச் சரியாகக் குறிப்பிடுவது அவசியம்.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, உழவர்களின் வயலகம் அமைப்புகள் வழியே கண்மாய்களையும், குடிநீருக்கான ஊருணிகளையும் சீரமைத்து வருகிறது. கண்மாய்க்கு மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றைச் செப்பனிட வேண்டும். ஊருணிக்கு நீரின் தூய்மை முதன்மை. பெயர் வேறுபாடு இங்கே வேலை வேறுபாடாகிறது.

ஊர்ப்பெயர்களில் எஞ்சிய நீர்

மதுரை நகரின் வடபகுதியில் தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம், ஆத்திகுளம் என்ற பெயர்கள் அருகருகே வழங்குகின்றன. இன்று இவை வீடுகளும் அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த பகுதிகள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்கிவரும் இடத்தின் பெயர் உலகனேரி. அதில் ஏரி என்ற சொல் உள்ளது. நகரின் மேற்கே உள்ளது மாடக்குளம் கண்மாய். இதில் குளம், கண்மாய் ஆகிய இரு சொற்களும் ஒன்றாக நிற்கின்றன. பெயரில் குளம் உறைந்துவிட, வழக்கில் கண்மாய் பொதுப்பெயராக அதன் பின்னால் சேர்ந்தது.

சென்னையிலும் இதே வரலாறு உண்டு. லாங் டேங்க் எனப்பட்ட பெரிய ஏரியின் பகுதி 1920களில் மூடப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்ற சாலைப் பெயர் இன்றும் உள்ளது. கரைச் சாலை என்பது அதன் பொருள். கரை எதற்கு இருந்தது என்று அவ்வழியே செல்பவர் பலர் நினைப்பதில்லை.

நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் குறுகிய நேரத்தில் பெய்த கனமழையில் செல்லூர் உள்ளிட்ட வடகரைப் பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மிகுதி நீரை வைகைக்குக் கொண்டு செல்வது பந்தல்குடிக் கால்வாய். அது நிறைந்து வழிந்தது. கண்மாய் என்பது வரத்தும் மறுகாலும் சேர்ந்த ஒரு தொடர் என்பதை அன்று நகரம் கண்கூடாகக் கண்டது. நீர் கொள்ளும் பள்ளம் மட்டும்தான் டேங்க் என்று நினைத்தால், பள்ளத்துக்கு வேலியிட்டு நடைபாதை அமைப்பதோடு பணி முடிந்துவிடும். கண்மாய் என்று நினைத்தால் வரத்துக்காலும் கலுங்கும் மறுகால் வழியும் காக்கப்பட வேண்டும்.

கண்மாய்களைத் தூர்த்தது ஒரு சொல் அன்று. நகரப் பெருக்கம், நிலத்தின் விலை, ஆழ்துளைக் கிணறுகளின் வரவு, ஊர்ப் பராமரிப்பின் தளர்ச்சி ஆகியனவே காரணங்கள். ஆனால் ஒரு நீர்நிலையின் பயன் பெயரிலிருந்து மறையும்போது, அதன் இழப்பைக் கணக்கிடுவதும் கடினமாகிறது. ஒரு டேங்க் போயிற்று என்ற பதிவிலிருந்து, போனது ஒரு ஊரின் குடிநீரா, வயலின் பாசனமா, கோயிலின் தீர்த்தமா என்று அறிய வழியில்லை.

தமிழுக்குத் திரும்பிய சொல்

டேங்க் என்ற சொல் இன்று தமிழ்ப் பேச்சிலும் கலந்துவிட்டது. மாடித் தொட்டியும் வாகனத்தின் எரிபொருள் தொட்டியும் டேங்க் ஆயின. கோடையில் தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வருவது டேங்கர் லாரி. ஊர்தோறும் உயரமாக நிற்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை ஊரார் டேங்க் என்றே சுருக்கிச் சொல்வர். ஊருணி இருந்த பல ஊர்களில் குடிநீர் இப்போது இந்த டேங்கிலிருந்தே வருகிறது. ஆங்கிலத்தில் நீர்நிலையிலிருந்து கலத்துக்கு நகர்ந்த பொருள், தமிழக ஊர்களில் வாழ்க்கையிலும் அதே வழியில் நகர்ந்திருக்கிறது.

போர் ஊர்தி தமிழகத்தில் டாங்கி எனப்படும். இலங்கைத் தமிழில் அது யுத்த தாங்கி. தண்ணீர்த் தொட்டி நீர்த்தாங்கி. ஆங்கில ஒலியோடு தாங்கு என்னும் தமிழ் வினையின் பொருளும் இயைந்து வரும் நல்ல ஆக்கங்கள் இவை. அணை கட்டித் தேக்கிய பெரும் நீர்ப்பரப்புக்கு நீர்த்தேக்கம் என்ற சொல் நிலைபெற்றுள்ளது.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை

ஆங்கில நூல்களிலும் ஆவணங்களிலும் டேங்க் என்ற சொல்லைக் காணும் மாணவர்கள் உடனே ஏரி என்றோ குளம் என்றோ எழுதிவிடாமல் மூன்று செய்திகளைப் பார்த்தல் நலம். முதலாவது, இடம். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் எனில் பாசன நீர்நிலை கண்மாய். காஞ்சிபுரம், செங்கல்பட்டு எனில் ஏரி. திருநெல்வேலி, வன்னி எனில் குளம். இரண்டாவது, பயன். குடிநீர் எனில் ஊருணி, கோயில் விழா எனில் தெப்பக்குளம், கால்நடை எனில் குட்டை. மூன்றாவது, அமைப்பு. மடையும் கலுங்கும் ஆயக்கட்டும் பேசப்பட்டால் அது பாசனத்துக்கு உரியது. நான்கு பக்கப் படிக்கட்டு பேசப்பட்டால் அது கோயிலைச் சேர்ந்ததாக இருக்கலாம். இம்மூன்றும் தெரியாதபோது நீர்நிலை என்ற பொதுச்சொல்லே பாதுகாப்பானது.

பாடநூல்களிலும் செய்திகளிலும் அந்தந்த வட்டாரப் பெயரே வழங்கினால், தம் ஊர்க் கண்மாயும் பக்கத்து ஊர் ஊருணியும் வெவ்வேறு என்பதை மாணவர்கள் படிக்கும்போதே அறிந்துகொள்வர். ஊரின் பழைய நிலப்பதிவேட்டை என்றேனும் ஒருநாள் அவர்கள் புரட்ட நேரும்போது, அதில் எழுதியிருக்கும் சொல்லின் பொருள் விளங்க வேண்டும். மடை எங்கிருந்தது, மறுகால் எவ்வழியே ஓடியது என்று தேடத் தொடங்குவதற்கு அச்சொல்லே முதல் அடையாளம்.